அம்மா பொட்டு வைக்கிறார், மாமி விரதம் பிடிக்கச் சொல்கிறார்

கேள்வி:

எனக்கு 28 வயது. கிளிநொச்சி மாவட்டத்தில் முன்பள்ளி ஆசிரியையாக இருக்கிறேன். அம்மா யாழ்ப்பாணத்து ஆள். 1995இல் வலிகாமத்தை விட்டு வெளிக்கிட்டு வன்னிக்கு வந்து, இங்கேயே அப்பாவைக் கலியாணம் கட்டினவர். 2008 கடைசியில் நாங்கள் வீட்டை விட்டு வெளிக்கிட்டோம். தருமபுரம், உடையார்கட்டு, தேவிபுரம், இரணைப்பாலை, மாத்தளன் என்று மாறி மாறி இருந்து கடைசியில் முள்ளிவாய்க்கால். 2009 மே மாதம் வட்டுவாகல் பாலம் கடந்து வந்தபோது அப்பாவை வேறு வரிசையில் போகச் சொன்னார்கள். "நீங்கள் போங்கோ, நான் பின்னால வாறன்" என்றார். அதற்குப் பிறகு அவரைக் காணவில்லை. எனக்கு அப்போது 12 வயது, தம்பிக்கு ஒன்றரை.

அம்மாவுக்கு இப்போது 54. பகலில் தோட்டம், கோழி, சமையல் என்று ஒரு குறையும் தெரியாது. இரவு இரண்டு மணிக்கு எழும்பிக் கதவு யன்னல் எல்லாம் பார்ப்பார், பிறகு நித்திரை இல்லை. காணி உறுதி, அடையாள அட்டை, பிறப்புச் சான்றிதழ் எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டுக் கதவுக்குப் பின்னால் தொங்கவிட்டிருக்கிறார். பால்மா பைக்கட்டுகளை வாங்கி அலுமாரியில் அடுக்குவார். திகதி முடிந்தாலும் எறிய விடமாட்டார். மே மாதம் வந்தால் தலையிடி, நெஞ்சு இறுக்கம், சாப்பாடு இறங்காது. முன்பு காணாமல் ஆக்கப்பட்டோரின் உறவுகள் இருக்கும் போராட்டக் கொட்டிலுக்குப் போய் வருவார். வீட்டுக்கு ஆட்கள் வந்து விசாரித்ததால் நான்தான் பயந்து மறித்துவிட்டேன்.

தம்பி இப்போது உயர்தரம் படிக்கிறான். இந்த வருடம் அவன் ஆடி அமாவாசை விரதம் பிடித்துக் கீரிமலைக்குப் போகவேண்டும் என்று மாமி (அப்பாவின் தங்கச்சி) சொல்கிறார். அம்மா பொட்டு வைக்கிறார், தாலி கழற்றவில்லை. "உயிரோட இருக்கிற மனுசனுக்கு ஆர் எள்ளும் தண்ணியும் இறைக்கிறது?" என்று கத்தினார். தம்பி இரண்டு பேரோடும் கதைப்பதில்லை. எனக்கு வவுனியாவில் கலியாணம் பேசி வந்திருக்கிறது. இப்படி விட்டுவிட்டு எப்படிப் போவது? கனடாவில் இருக்கும் பெரியப்பா, "அவளுக்கு மூளை பிசகிப் போச்சு, டொக்டரிட்டக் காட்டு" என்கிறார். அம்மாவுக்கு மனநோயா? தம்பி விரதம் பிடிக்கலாமா?

பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்:

தங்கச்சி, கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். தம்பி இந்த வருடம் விரதம் பிடிக்க வேண்டாம்.

சமயத் தீர்ப்பாக இதைச் சொல்லவில்லை, அதற்கு நான் ஆளும் இல்லை. ஆடி அமாவாசை விரதம் தகப்பனை இழந்த பிள்ளைகள் பிடிப்பது. உங்கள் தம்பி கீரிமலையில் முழுகினால், "அப்பா செத்துப்போனார்" என்று உங்கள் வீட்டில் முதன்முதலாக அறிவித்த ஆள் அவனாகிவிடுவான். வீட்டுப் பெரியவர்கள் 16 வருடமாக எடுக்க முடியாத முடிவு அது. அதைத் தகப்பனின் முகமே ஞாபகமில்லாத ஒரு பெடியனின் தலையில் கட்டிவிட்டு, தாய் பக்கமா மாமி பக்கமா என்றும் கேட்கிறீர்கள். அவன் வாயைத் திறக்காமல் இருப்பதில் என்ன ஆச்சரியம்? என்றாவது ஒரு நாள் அவனே யோசித்து, அம்மாவும் அறிய, போகவேண்டும் என்று சொன்னால் அப்போது பார்க்கலாம்.

மாமியையும் கோபிக்காதீர்கள். போனது அவருடைய அண்ணன். அழுது முடிக்க அவருக்கு ஒரு நாள் தேவைப்படுகிறது. அந்த நாள் இல்லாமலேயே அவருக்கும் வயது போய்க்கொண்டிருக்கிறது. 1970களில் வியட்நாம் போரில் காணாமல் போன அமெரிக்க விமானிகளின் குடும்பங்களைப் பார்த்துவிட்டு, பாலின் பாஸ் என்ற அமெரிக்க ஆய்வாளர் இந்த வகை இழப்பைத் தனியாகவே எடுத்து எழுதினார். செத்தவீடு நடந்தால் ஊர் கூடும், அழும், எட்டுக்கும் முப்பத்தொன்றுக்கும் வரும், பிறகு கலையும். உடலும் இல்லை, பதிலும் இல்லை என்றால் இதில் எதுவும் நடக்காது. ஒரே வீட்டில் ஒருவர் காத்திருப்பார், இன்னொருவர் முடித்துவிடத் துடிப்பார். வெளியில் இருந்து பார்த்தால் காத்திருப்பவருக்கு மூளை பிசகியதாகவும், முடிக்க நினைப்பவர் இரக்கமில்லாதவராகவும் தெரியும். கனடாவில் இருந்து பார்த்தால் இன்னும் அப்படித்தான் தெரியும். "அவர் வரலாம், வராமலும் போகலாம்" என்ற இரண்டையும் ஒன்றாக மனதில் வைத்திருக்கப் பழகுவதுதான் இந்தக் குடும்பங்களுக்குக் கைகொடுக்கிறது என்கிறார் பாஸ். உங்கள் அம்மா அதைத் தானாகவே பாதி பழகியிருக்கிறார். பொட்டும் வைக்கிறார், தோட்டமும் செய்கிறார்.

நடைமுறைக்கு ஒன்று சொல்கிறேன். அப்பாவின் பிறந்த நட்சத்திரத்தில் அவர் பேருக்குக் கோயிலில் ஒரு அர்ச்சனை செய்யுங்கள். மாமியையும் வரச் சொல்லுங்கள். அர்ச்சனை உயிரோடு இருப்பவருக்கும் செய்வது, அம்மா மறுக்கமாட்டார். மாமிக்கு அது போதாதுதான். ஆனால் இரண்டு பேரும் ஒரே மனிதருக்காக ஒரு இடத்தில் நின்று கும்பிட்டு எத்தனை வருடமிருக்கும்?

இப்போது அம்மாவுக்கு வருவோம். பை, பால்மா, இரண்டு மணி, மே மாதம் எல்லாவற்றையும் ஒரே பட்டியலில் எழுதியிருக்கிறீர்கள். நான் அதை இரண்டாகப் பிரிக்கிறேன்.

1995 ஒக்டோபர் 30ஆம் திகதி இரவு வலிகாமம் முழுவதும் வெளிக்கிட்டபோது உங்கள் அம்மாவுக்கு 24 வயதிருக்கும். செம்மணி வெளியிலும் நாவற்குழிப் பாலத்திலும் இலட்சக்கணக்கான சனம் நெரிபட்டு நகர்ந்த இரவு அது. இரண்டு நாளில் திரும்பிவிடலாம் என்று உறுதியையும் சான்றிதழ்களையும் அலுமாரியில் பூட்டி வைத்துவிட்டு வந்தவர்கள், பிறகு கச்சேரி கச்சேரியாக அலைந்ததை அவர் கண்ணால் கண்டிருப்பார். 2008இல் அவர் என்ன எடுத்துக்கொண்டு வெளிக்கிட்டார் என்று கேட்டுப் பாருங்கள். அந்தப் பை கதவுக்குப் பின்னாலேயே தொங்கட்டும். யாருக்கும் அது இடைஞ்சல் இல்லை. வேண்டுமானால் உள்ளே இருப்பவற்றை ஒரு நாள் அம்மாவோடு இருந்து போட்டோக் கொப்பி எடுத்து, ஒரு பிரதியை நீங்கள் வைத்துக்கொள்ளுங்கள். "எடுத்து எறி" என்று கேட்டே பழகியவருக்கு "நானும் ஒன்று வைத்திருக்கிறேன்" என்பது பெரிய ஆறுதல்.

பால்மாவும் அப்படித்தான். ஒன்றரை வயதுப் பிள்ளையோடு மாத்தளனில் இருந்த தாய் அவர். பால்மா கிடைக்காமல் அந்தப் பிள்ளைக்கு என்ன கரைத்துக் கொடுத்தார் என்பது அவருக்குத்தான் தெரியும். கடைக்குக் கடை வரிசையில் நின்றும் நாடு முழுக்கப் பால்மா கிடைக்காத 2022இல் உங்கள் வீட்டு அலுமாரியை யாராவது பகிடி பண்ணினீர்களா? திகதி முடிந்ததைக் குடிக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள், அவ்வளவுதான். திகதி முடிய ஒரு மாதம் இருக்கும்போதே எடுத்து முன்பள்ளிப் பிள்ளைகளுக்குக் கரைத்துக் கொடுங்கள். அம்மா மறுக்கமாட்டார் என்றே நினைக்கிறேன்.

வைத்தியம் பார்க்க வேண்டியது நித்திரையையும் மே மாதத்தையும்தான். செல்லடிக்குள் மாதக்கணக்கில் பங்கருக்குள் படுத்த உடம்பு, இரவில் காவல் இருக்கப் பழகிவிடுகிறது. ஆபத்து போன பிறகும் அது காவலை விடுவதில்லை. மே பிறந்தவுடன் நாட்காட்டியைப் பார்க்காமலே தலையிடியும் நெஞ்சு இறுக்கமும் வருகின்றன. இது நடிப்பும் இல்லை, பைத்தியமும் இல்லை. போர் முடிந்த சில மாதங்களில், 2009இல், யாழ் மாவட்டத்தில் எடுத்த ஒரு கணக்கெடுப்பு பின்னர் அமெரிக்க மருத்துவ இதழொன்றில் வெளியானது. நூற்றுக்கு 33 பேரிடம் பதற்றத்தின் அறிகுறிகளும், 22 பேரிடம் மனச்சோர்வின் அறிகுறிகளும் இருந்தன. போர்க் காட்சி திரும்பத் திரும்ப மனதில் வருவதும் திடுக்கிட்டு எழும்புவதுமான மனவடுவின் அறிகுறிகள் 7 பேரிடம். போர் என்றதும் எல்லோரும் கடைசியாகச் சொன்னதைத்தான் நினைக்கிறார்கள். சனத்தை அதிகம் வாட்டுவது முதல் இரண்டும்தான், அவை தலையிடி, பெருமூச்சு, சாப்பாடு இறங்காமை என்று வேறு வேடத்தில் வருவதால் பனடோலோடு போய்விடுகின்றன. அம்மாவுக்கு இதில் எது என்று கடிதத்தை வைத்து நான் சொல்லக்கூடாது. பார்த்துச் சொல்ல ஆள் இருக்கிறது.

கிளிநொச்சி மாவட்டப் பொது வைத்தியசாலையில் மனநலப் பிரிவு இருக்கிறது, காசு கட்டத் தேவையில்லை. "மனநோய்க்குக் காட்டப் போறம்" என்று சொல்லிக் கூட்டிப்போகாதீர்கள். அப்படி இன்னும் எந்த டொக்டரும் சொல்லவில்லை. "நித்திரை இல்லை, நெஞ்சு இறுக்குது, அதுக்குக் காட்டுவம்" என்று சொல்லுங்கள், அது உண்மை. சீனி, பிரஷர், தைரொயிட் எல்லாம் ஒரு முறை பார்க்கட்டும். 54 வயதில் நெஞ்சு இறுக்கத்தை மனம் என்று மட்டும் எழுதி விட்டுவிடவும் கூடாது. பிறகு டொக்டரிடம் இரண்டு மணிக் கதையையும் மே மாதத்தையும் நீங்களே சொல்லுங்கள், அம்மா தலையிடியோடு நிறுத்திவிடுவார். மனச்சோர்வு மாத்திரை தந்தால் அது வேலை செய்ய இரண்டு முதல் நான்கு கிழமை எடுக்கும். சுகம் தெரிந்த பிறகும் டொக்டர் சொல்லும் வரை, பெரும்பாலும் ஆறு மாதத்துக்குக் குறையாமல், போடவேண்டும். இது பழக்கமாகிப்போகும் மாத்திரை இல்லை. பார்மசியில் சும்மா வாங்கிப் போடும் நித்திரைக் குளிசைதான் பழக்கமாகும். யாராவது டயஸிபாம் என்ற அந்த வகைக் குளிசைக்கு எழுதிய துண்டொன்றைக் காட்டி "இது நல்லம்" என்றால் வேண்டாம் என்று சொல்லுங்கள்.

சில பேர் நல்ல மனதோடு, "எல்லாத்தையும் ஒரு நாளைக்குச் சொல்லி அழுதால் சரியாப் போயிடும்" என்பார்கள். வற்புறுத்தி வாய் திறக்க வைப்பதால் நன்மை இல்லை, சிலருக்குக் கெடுதலும் உண்டு. பழகிய உளவளத்துணையாளர் பல சந்திப்புகளில், அம்மாவின் வேகத்தில் கதைக்க வைப்பது வேறு விஷயம். பிரதேச செயலகத்தில் கேட்டால் உளவளத்துணை உத்தியோகத்தர் யார் என்று சொல்வார்கள். "எனக்கு இருக்கப் பிடிக்கவில்லை" என்ற மாதிரி அம்மா எப்போதாவது சொன்னால் மட்டும் இதற்கெல்லாம் காத்திருக்காமல் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போங்கள். 1926 என்ற தேசிய மனநல இலக்கத்துக்கு இரவிலும் எடுக்கலாம்.

இதுவரை சொன்னது அம்மாவைப் பற்றி. உங்கள் கடிதத்தில் எனக்குப் பெரிதாகத் தெரிந்தது வேறு. மூன்று பேர் இருக்கிற வீட்டில் அப்பாவைப் பற்றி யாரும் கதைப்பதாக ஒரு வரிகூட இல்லை. பிள்ளைகள் தாங்கமாட்டார்கள் என்று அம்மா வாயைத் திறப்பதில்லை. அம்மா தாங்கமாட்டார் என்று நீங்கள் கேட்பதில்லை. இரண்டு பேரும் இப்படி இருப்பதைப் பார்த்துத் தம்பி அது கேட்கக்கூடாத விஷயம் என்று விளங்கிக்கொண்டான். போர்க்காலத்தில் யாழ்ப்பாணத்தில் பணியாற்றிய மனநல மருத்துவர் தயா சோமசுந்தரம் வன்னி மக்களைப் பற்றி எழுதும்போது, காயம் ஒவ்வொரு ஆளுக்கும் தனித்தனியாகப் பட்டதல்ல, குடும்பத்துக்கும் ஊருக்கும் சேர்த்துப் பட்டது என்பார். உங்கள் வீட்டை அப்படித்தான் பார்க்கவேண்டும். பெரியப்பா சொல்வதுபோல அம்மாவை மட்டும் தனியே எடுத்துத் திருத்திவிட்டு வீட்டில் கொண்டுவந்து விட முடியாது.

தம்பியிடம் இருந்து தொடங்குங்கள். அவனுக்கு அப்பா என்றால் வட்டுவாகலில் ஒரு வரிசையில் நின்ற ஆள், சுவரில் ஒரு படம், கொட்டிலில் ஒரு பதாகை. அந்தக் கடைசி நாளை மட்டும் அவன் அரைகுறையாகப் பத்துப் பேரிடம் கேட்டிருப்பான். மிச்ச 12 வருடம் உங்களிடம் இருக்கிறது. அவருக்குக் கோபம் வந்தால் என்ன செய்வார்? கூழுக்கு நண்டு இல்லாவிட்டால் முகம் சுழிப்பாரா? கணக்குப் பாடம் சொல்லித்தரும்போது அடிப்பாரா? தம்பி பிறந்த செய்தியைக் கேட்டு யாருக்கு முதலில் ஓடிப்போய்ச் சொன்னார்? இதையெல்லாம் ஒரு நாள் உட்காரவைத்துப் பாடம் மாதிரிச் சொல்ல வேண்டாம், அவன் எழும்பிப் போய்விடுவான். சமைக்கும்போது, மோட்டார் சைக்கிளில் போகும்போது, அம்மா காதில் விழும்படி ஒன்றைச் சொல்லிவிட்டுப் பேசாமல் இருங்கள். "இல்லை, அவருக்கு நண்டு பிடிக்காது, இறால்தான்" என்று அம்மா அடுப்படியில் இருந்து திருத்தினால் அதைவிட நல்ல சிகிச்சை அந்த வீட்டில் அன்றைக்கு நடந்திருக்காது. தம்பி போனிலேயே கண் வைத்திருப்பான். காது கேட்கும்.

போராட்டக் கொட்டில் பற்றி. கிளிநொச்சியில் 2017 பெப்ரவரி 20இல் கந்தசுவாமி கோயிலடியில் தொடங்கியது அது. அங்கே இருக்கும் தாய்மாரிடம் உங்கள் அம்மா பொட்டுக்கு விளக்கம் சொல்லத் தேவையில்லை. வேறு எந்த இடத்தில் அவருக்கு அப்படி ஒரு சுகம் இருக்கிறது? விசாரிக்க வந்தார்கள் என்று நீங்கள் பயந்ததும் வீண் பயம் இல்லை. அந்தக் குடும்பங்களைத் தேடி வந்து கேள்வி கேட்பது உண்மையில் நடக்கிறது, உங்களைக் குறைசொல்ல எனக்கு வாய் இல்லை. ஆனால் மறித்தது நீங்கள், முடிவெடுக்க வேண்டியவர் அவர். பயமாக இருக்கிறது என்பதை அவரிடமே சொல்லிவிட்டு, "போகவேணும் என்றால் நானும் வாறன்" என்று கேட்டுப் பாருங்கள். போகமாட்டேன் என்றால் அங்கே பழகிய அம்மாமார் ஒன்றிரண்டு பேர் வீட்டுக்கு வந்து தேத்தண்ணி குடித்துவிட்டுப் போகலாமே. முக்கியமாக மே மாதத்தில் அவரைத் தனியே விடாதீர்கள்.

காணி உறுதி அப்பாவின் பெயரில் இருந்தால் அதையும் இப்போதே யோசிக்க வேண்டும். உறுதிக்காகவோ வங்கிக்காகவோ மரணச் சான்றிதழ் எடுக்கச் சொல்லி அம்மாவை யாரும் நெருக்க வேண்டியதில்லை. 2016இல் வந்த சட்டத் திருத்தத்தின்படி, ஆள் காணாமல் இருக்கிறார் என்று மட்டும் உறுதிப்படுத்தும் ஒரு சான்றிதழ் எடுக்கலாம். இறந்துவிட்டார் என்று அதில் இருக்காது. அதையும் வேண்டாம் என்று சொல்லும் தாய்மார் இருக்கிறார்கள், தாங்கள் கேட்டது பதிலைத்தான் என்பார்கள். அதுவும் நியாயம். அம்மாவிடம் இரண்டையும் சொல்லி அவர் விருப்பத்துக்கு விடுங்கள்.

கடைசியாக நீங்கள். 12 வயதில் தம்பியை இடுப்பில் தூக்கினவர், இன்னும் இறக்கவில்லை. அம்மா சுகமான பிறகுதான் கலியாணம் என்று நினைத்தால் அம்மாவுக்கு அது இன்னொரு சுமை. தன்னால் மகள் வீட்டில் நிற்கிறாள் என்று அவர் இரண்டு மணிக்கு எழும்பி யோசிப்பதற்கு ஒரு விஷயம் கூடும், அவ்வளவுதான் நடக்கும். மாப்பிள்ளை உங்களுக்குப் பிடித்திருந்தால் சம்மதம் சொல்லுங்கள். வவுனியா ஏ9 பாதையில் காலையில் வந்து பின்னேரம் திரும்பும் தூரம்தான். கிளினிக் திகதிகளுக்கு நீங்கள் வந்து போகலாம், இடையில் மாத்திரை எடுப்பதைப் பார்த்துக்கொள்ளத் தம்பிக்குச் சொல்லுங்கள். 17 வயதில் அதைச் செய்ய முடியும். அப்பாவுக்கு முடிவு கட்டுவதைவிட அது அவன் வயதுக்கு ஏற்ற பொறுப்பு.

ஒன்று மட்டும் முன்கூட்டியே பேசி வையுங்கள். கலியாண அட்டையில் அப்பாவின் பெயர் வரும். பெயருக்கு முன்னால் "அமரர்" போடுவதா இல்லையா என்று கட்டாயம் யாராவது கேட்பார்கள், மாமி போடச் சொல்லவும் கூடும். அம்மா சொல்கிறபடி வெறும் பெயரைப் போடுங்கள். மணவறைக்குப் பக்கத்தில் தாரை வார்க்க யார் நிற்பது என்பதையும் அம்மாவிடமே கேளுங்கள், பெரியப்பா கனடாவில் இருந்து வருவார் என்று அவரைக் கேட்காமல் முடிவெடுக்க வேண்டாம். மாப்பிள்ளை வீட்டாருக்கும் இதைப் பேச்சு நடக்கும்போதே சொல்லிவிடுங்கள். வவுனியா ஆட்களுக்கு இது புதுக் கதையாக இருக்காது, அப்படியும் முகம் சுளித்தால் அதை இப்போதே தெரிந்துகொள்வது நல்லதுதானே.